கல்லறைக் கல்லும் கார்த்திகை மலையும்

'அசலம்' என்றால் அசையாதது என்று பொருள். அருணாசலம் என்ற பெயரை வாய் நிறையச் சொல்லி, மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லின் பின்பாதியை நினைத்துப் பார்த்திருப்பார்கள்? நானும் நினைத்ததில்லை. 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, அசையாத மலையின் ஒரு சரிவு அசைந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் மண்ணும் பாறையும் வந்து விழுந்தன. பெரியவர்கள் இருவரும் குழந்தைகள் ஐவருமாக ஏழு பேர் உள்ளே இருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. இயந்திரங்கள் எளிதில் ஏறமுடியாத மேடு அது. மீட்க வந்தவர்கள் அடுத்த இரண்டு நாட்கள் மண்வெட்டியும் கையுமாகத் தோண்டினார்கள். மேலே இன்னும் விழாத பெரும்பாறை ஒன்று அவர்கள் தலைக்கு நேரே நின்றுகொண்டிருந்தது.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு நான் கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். பேச்சு இயல்பாக அந்த மாலைக்கே போயிற்று.

"இது அணைந்துபோன எரிமலை, ஸார். உள்ளே இன்னும் சூடு இருக்கிறது. அதுதான் புரண்டு படுத்திருக்கிறது" என்றார் ஆசிரியர்.

டீக்கடைக்காரர் பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாத்தியாரய்யா, நெருப்பு ஒண்ணும் வரலீங்களே. வந்ததெல்லாம் தண்ணியும் சேறும்தானே?" என்றார்.

ஒரு சாஸ்திரத்தின் சாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணாமலை எரிமலை என்ற நம்பிக்கை படித்தவர்களிடையேதான் அதிகம். காரணம் தெளிவு. ஸ்தல புராணம் இந்த மலையை நெருப்புத் தூண் என்கிறது. அடியையும் முடியையும் தேடி விஷ்ணு பன்றியாகப் பூமிக்குள் இறங்கினார், பிரம்மா அன்னமாக வானத்தில் பறந்தார் என்கிறது. புராணத்தை அப்படியே நம்பவும் மனசில்லை, விட்டுவிடவும் மனசில்லை என்கிற நிலையில் நம்மவருக்கு 'எரிமலை' என்ற சொல் மிகவும் சௌகரியமாக இருக்கிறது. ஆனால் பூகர்ப்ப சாஸ்திரிகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. எரிமலை கக்கிய குழம்பு உறைந்த கல்லைப் பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் தக்காணத்தில் ஓடிப் பரவிய குழம்பு அங்கே அடுக்கடுக்காக மலையாகி நிற்கிறது. நம் வடதமிழ்நாட்டுக் குன்றுகளின் ஜாதி வேறு. அந்த ஜாதிக் கல்லுக்குப் பெயர் வந்த கதை ஒரு கல்லறையில் ஆரம்பிக்கிறது.

கல்கத்தாவில் புனித ஜான் தேவாலயத்தின் வளாகத்தில் ஜாப் சார்னக் என்ற ஆங்கில வியாபாரியின் சமாதி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக 1690-இல் ஹூக்ளி நதிக்கரையில் வந்து இறங்கி, சேற்று நிலத்தில் வியாபாரக் கொட்டகை போட்டவர். கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று நெடுநாள் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2003-இல் கல்கத்தா ஹைகோர்ட்டு அப்படிச் சொல்வது சரியல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. எப்படியானாலும் மனிதர் 1693-இல் கல்கத்தாவிலேயே காலமானார். மருமகன் சார்ல்ஸ் அயர் மாமனாருக்குச் சமாதி எழுப்பினார். வண்டல் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாத வங்காளத்தில் கல்லுக்கு எங்கே போவது? சென்னைப் பக்கத்திலிருந்து, பல்லாவரத்துக் குன்றிலிருந்து, கப்பலேறிப் போயிற்று அந்தக் கல். கறுத்து, இழைத்தால் பளபளக்கிற கல்.

இருநூறு வருஷம் கழித்து, தாமஸ் ஹாலந்து என்ற இளைஞர் அதைப் பார்த்தார். இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறை 1851-இல் ஏற்பட்டது. அதில் 1890-இல் வேலைக்குச் சேர்ந்தவர் இவர். சமாதியில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் நம் வழக்கம். ஹாலந்து எழுத்தை விட்டுவிட்டுக் கல்லைப் படித்தார். படிகக் கல், களிக்கல் தாதுக்கள், அவற்றோடு ஹைபர்ஸ்தீன் என்ற இருண்ட தாது. இந்தக் கூட்டு அதுவரை பெயர் பெற்றிருக்கவில்லை. 1893-இல் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. கல்லுக்கு அவர் வைத்த பெயர் சார்னோக்கைட். ஹாலந்து அப்போது இளைஞர்தான். பிற்பாடு அதே துறைக்குத் தலைவரானார்.

இதில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. பல்லாவரத்தில் பிறந்து, அங்கேயே கோடானுகோடி வருஷம் வெயில் காய்ந்த கல்லுக்கு, அதன் கீழே படுத்திருந்த வியாபாரியின் பெயர்! பல்லாவரம் என்றே வைத்திருக்கலாம். இன்று நார்வேயிலும் அண்டார்க்டிகாவிலும் அதே வகைக் கல்லைக் காணும்போதெல்லாம் பூகர்ப்ப சாஸ்திரிகள் நம் ஊர்ப் பெயரை உச்சரித்துக்கொண்டிருப்பார்கள். போகட்டும்.

பல்லாவரம், பரங்கிமலை தொடங்கி வடதமிழ்நாட்டில் திரும்பின பக்கமெல்லாம் இந்தச் சார்னோக்கைட்டும், நைஸ் என்ற வரிவரியான கல்லும், கருங்கல்லும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. திருவண்ணாமலை வட்டாரமும் அந்த உறவுக் கூட்டத்தைச் சேர்ந்ததே. இவற்றின் வயதை எப்படி அறிகிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். கல்லுக்குள் ஸிர்க்கான் என்ற மணற்பொடி போன்ற தாது இருக்கும். அது உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. அதில் பாதி மாறுவதற்கு 447 கோடி வருஷம் ஆகும். யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தால் வயது வந்துவிடும். அப்படிப் பார்த்ததில் வடதமிழ்நாட்டுப் பாறைகள் பலவற்றுக்கும் வந்த விடை, சுமார் 250 கோடி வருஷம். இமயமலை நேற்றுப் பிள்ளை. இந்திய நிலம் ஆசியாவில் மோதி அது எழத் தொடங்கி ஐந்து கோடி வருஷம்தான் ஆகிறது.

ஆனால் கல்லின் வயது வேறு, மலையின் வயது வேறு. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் மலைக்கே 250 கோடி வயது கட்டிவிடுகிறார்கள். சார்னோக்கைட் தரைமேல் உண்டான கல் அல்ல. இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரி வெப்பத்தில் வெந்த கல். அது இன்று நம் காலடியில் கிடக்கிறது என்றால், அதன் மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் கனமும் தேய்ந்து, கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அண்ணாமலை பூமியிலிருந்து பொங்கி எழவில்லை. சுற்றிலும் இருந்ததெல்லாம் தேய்ந்து தாழ்ந்துபோக, தேயாமல் நின்றது இது. கடல்மட்டத்துக்கு மேல் 2,600 அடிக்குச் சற்று அதிகமான மிச்சம். ஆக, பன்றியாகப் போனவர் தேடிய அடி இப்போது மேலே வந்து வெயில் காய்கிறது! நெருப்பும் பொய்யில்லை. ஆழத்திலே இருந்தது.

அவ்வளவு ஆழத்தில் கல் எப்படி ஈரம் வற்றிச் சார்னோக்கைட் ஆயிற்று என்பதில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. 1960-இல் மைசூர் ராஜ்யத்துப் பூகர்ப்ப அறிஞர் சி. எஸ். பிச்சமுத்து, பெங்களூருக்கு அப்பால் கப்பல்துர்க்கம் என்ற இடத்தில் ஓர் அதிசயத்தைக் கண்டெழுதினார். சாம்பல் நிற நைஸ் பாறையின் நடுவே திட்டுத்திட்டாகக் கல் கறுத்துச் சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்திருந்தது. மாவு பாதியும் இட்லி பாதியுமாக ஒரு தட்டைத் திறந்து பார்த்ததுபோல! அதன் பிறகு 1980-களில், பூமியின் ஆழத்திலிருந்து கரியமில வாயு கல்லின் இடுக்குகள் வழியே மேலேறி நீரை விரட்டியதால்தான் இந்த மாற்றம் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, கல் ஒரு பகுதி உருகி நீரைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது என்றார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை. கரியமில வாயுவின் பெயரை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

அவ்வளவு பழைய, அவ்வளவு கெட்டியான கல் ஏன் விழுந்தது?

விழுந்தது கெட்டிக் கல்லின் குற்றம் அல்ல. அதைச் சுற்றியிருந்த இளகிய மண்ணின் வேலை. ஆழத்தில் பிறந்த கல் மேலே வர வர, தலைமேல் இருந்த பாரம் குறைந்து விரிகிறது. விரிந்து வெடிப்பு விடுகிறது. வெடிப்பின் வழியே மழைநீர் இறங்குகிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகித்தான் வருகிறது. அது களிக்கல்லை அரித்துக் களிமண்ணாக்குகிறது. கல்லிலுள்ள இரும்பு துருப்பிடித்து மண் சிவக்கிறது. சதுரமாக வெடித்த கல்லின் மூலைகள் முதலில் உதிர்கின்றன, பிறகு விளிம்புகள். நடுவில் உருண்டையாகக் கல் மட்டும் மிஞ்சுகிறது. மாமல்லபுரத்துக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதை யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஒரு கதை உண்டு. அங்கே உருண்டைக்கு அடியில் இருப்பது வெறும் பாறை. அண்ணாமலைச் சரிவிலோ உருண்டைகள் மண்ணில் புதைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. மலைமேல் துறவிகள் தவம் செய்த குகைகளைப் பார்த்தவர்கள் இப்படிச் சாய்ந்த பெரும்பாறைகளின் நிழலிலும் இடுக்கிலும் உட்கார்ந்து வந்திருப்பார்கள். பல தலைமுறையாக ஒருவர் மேலும் விழாத பாறைகள் அவை.

மண் காய்ந்திருக்கும்போது உருண்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நனைந்தாலும் பிடி விடாது. கடற்கரையில் ஈரமணலில் வீடு கட்டிய குழந்தைக்கு அது தெரியும். ஆனால் மண்ணின் கண்களெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால், மேற்கொண்டு இறங்கும் நீருக்கு இடமில்லாமல் அது மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் மண்ணின் பிடி போய்விடுகிறது. எனவே கேள்வி கல்லைப் பற்றியது அல்ல, மழையைப் பற்றியது. ஒரு மழைக்காலத்தில் எவ்வளவு பெய்தது என்பதைவிட, ஒரே மூச்சில் எவ்வளவு பெய்தது என்பதே முக்கியம்.

அந்த வருஷம் ஃபெங்கல் புயல் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. புயல் கரையேறினால் ஓடிவிடுவதுதான் வழக்கம். இது ஓடவில்லை. பல மணி நேரம் புதுச்சேரிக்கு அருகிலேயே நின்றுவிட்டது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாள் உள்நாட்டில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலை வட்டாரத்துக்கு வருஷம் முழுவதும் கிடைப்பதே ஏறத்தாழ ஒரு மீட்டர் என்றால், இந்த எண்களின் பொருள் விளங்கும். திருவண்ணாமலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்தது. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டிய சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் ஆறு ஊருக்குள் நடந்து வந்தது. அதே நீரில் ஒரு சிறு பங்குதான் அண்ணாமலையின் கிழக்குச் சரிவில் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

புயல் ஏன் நின்றது? 2018-இல் ஜேம்ஸ் கோஸின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1949 முதல் 2016 வரை உலகத்துப் புயல்களின் நடை பத்தில் ஒரு பங்கு தளர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார். உடனே மறுப்பும் வந்தது: செயற்கைக் கிரகங்கள் வருவதற்கு முந்தைய பதிவுகளை நம்பி அப்படிச் சொல்லலாமா என்று. ஆகவே ஒற்றைப் புயலின் தாமதத்தை யார் தலையிலும் கட்ட நான் துணியமாட்டேன். ஆனால் மற்றொரு கணக்கில் வாதத்துக்கு இடமில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். இந்து மகாசமுத்திரத்தின் வெப்பமண்டலப் பகுதி 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரி ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது என்று 2020-இல் இந்திய அரசாங்கமே வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. அதைத் தொகுத்தவர்கள் புனாவிலுள்ள வானிலை ஆராய்ச்சி நிலையத்தார். இதற்கு மூலகாரணம் பழைய நண்பர்தான். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கத் தொடங்குவதற்கு முன், காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியின் ஆழத்தில் கல்லை உலர்த்தியதாகச் சிலர் சொல்லும் அதே வாயு. மழையோடு சேர்ந்து கல்லை உளுக்கவைக்கிற அதே வாயு. இப்போது கடலைச் சூடாக்கி மழையைக் கனக்கச் செய்கிறது. இந்த மூன்றில் முதல் இரண்டும் யுகக் கணக்கில் நடந்தவை. மூன்றாவது நம் பாட்டனார் காலத்திலிருந்து நடப்பது.

உளுத்துப்போவது எவ்வளவு மெதுவான காரியம் என்பதையும் இப்போது அளக்கிறார்கள். வானவெளியிலிருந்து ஓயாமல் விழும் கதிர்கள் பாறையின் மேற்பரப்பிலுள்ள படிகக் கல்லில் பெரிலியம்-10 என்ற அணுவை உண்டாக்குகின்றன. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், பாறை எவ்வளவு காலமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பது தெரியும். இப்படி அளந்த வறண்ட மொட்டைப் பாறைகள் பலவும் ஆயிரம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதமே தேய்கின்றன. இராஜேந்திர சோழன் காலத்திலிருந்து இன்றுவரை ஓர் அரிசி நீளம் தேய்ந்திருந்தால் அதிகம். அப்படிப்பட்ட மலையின் சரிவில் ஒரே மாலையில் இத்தனை மண் இறங்கியது.

மலை எக்காலத்திலும் இப்படிச் சரிந்துதான் வந்திருக்கும். அடிவாரத்தில் கிடக்கும் பாறைகளே சாட்சி. பழைய ஊர் கோயிலைச் சுற்றி, சமதரையில் இருந்தது. பதினொரு நிலை இராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கியதும் அந்தச் சமதரையில்தான். சரிவின்மேல் வீடு கட்ட வேண்டிய அவசியம் அக்காலத்தில் யாருக்கும் இல்லை. 1989-இல் திருவண்ணாமலை தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிற கூட்டம் லட்சக்கணக்கில் பெருகிற்று. ஹோட்டலும் லாட்ஜும் சமதரையை விலைக்கு வாங்கின. கூலி வேலைக்காரனுக்கும் பூக்கட்டுகிறவளுக்கும் கிடைத்தது மேடு. இதை அவர்கள் செய்த தவறு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்தே யாரும் பாறைக்கடியில் குழந்தையைப் படுக்கவைப்பதில்லை. தெரிவிக்க வேண்டியவர்கள் யார் என்றுதான் கேட்கவேண்டும். நிலச்சரிவுக்கு முன்னறிவிப்புச் சொல்ல ஒரு தேசிய நிலையத்தைப் பூகர்ப்ப ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கல்கத்தாவில் தொடங்கியது, சார்னக்கின் கல்லறை இருக்கும் அதே ஊரில். டார்ஜிலிங், கலிம்பாங், நீலகிரி ஆகியவற்றுக்குத்தான் முதலில் தினசரி அறிக்கை. அது நியாயமான தொடக்கமே. அந்த மாத இறுதியில் வயநாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். சமவெளியில் தனியாக நிற்கும் குன்றைப் பற்றிக் கவலைப்பட யாருக்குத் தோன்றும்?

தோன்றவேண்டிய நாள் பத்துப் பன்னிரண்டு நாட்களில் வந்தது. அவ்வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ந் தேதி. வழக்கமாகத் தீபத்தன்று சில ஆயிரம் பேருக்கு மலையேற அனுமதி உண்டு. பாறைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாராவது போய்ப் பார்த்தாகவேண்டும். சென்னையிலிருந்து மண்ணியல் பேராசிரியர்கள் வந்து சரிந்த இடத்தைச் சோதித்தார்கள். பூகர்ப்ப ஆய்வுத் துறையினர் மலையின்மேல் ஏறிப் பாதை நெடுகப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். ஹாலந்து வேலை பார்த்த அதே துறை. அவர் பெயரிட்ட கல்லின் உறவுக் கூட்டம். மண் இன்னும் ஊறிக் கிடக்கிறது, கூட்டம் ஏறக்கூடாது என்று முடிவாயிற்று. பக்தர்களில் சிலருக்கு வருத்தம்தான். தீபம் மட்டும் நிற்கவில்லை. பரம்பரையாக அந்தக் கைங்கரியம் செய்துவரும் பர்வதராஜ குலத்தார், ஆள் உயரக் கொப்பரையைத் தோளில் தாங்கி, நெய்யும் திரியும் சுமந்து ஏறினார்கள்.

"அவங்க எப்படி ஏறினாங்க?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மெதுவாத்தாங்க. ஒவ்வொரு கல்லையும் கால் வெச்சு அழுத்திப் பாத்து, பாத்து" என்றார். ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மலையைப் பார்த்தபடியே, "அப்படியானால் எரிமலை இல்லை என்கிறீர்கள்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.